கப்பலுக்குப் புகை குறைந்த எரிபொருள்: ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து இருக்கிறேன். வல்வெட்டித்துறைப் பக்கம் கப்பலைப் பற்றிக் கேள்வி கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்குப் பிறகு "எண்ணெய் இல்லாமல் ஓட வழியே இல்லையா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்குப் பார்க்க ஒரே கப்பலை எடுத்துக்கொள்வோம்: இருபது அடிக் கொள்கலன் 10,000 ஏற்றக்கூடியது, நடுக்கடலில் 30 மெகாவோட் வலு இழுப்பது. இதை "நம் கப்பல்" என்று சொல்வேன். எண்கள் கைக்கணக்கு, ஒன்றிரண்டு முன்பின் இருக்கும்.

கப்பல் எதில் ஓடுகிறது? டீசலிலா?

பெரும்பாலும் இல்லை. பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு சுத்திகரிப்பு ஆலையின் அடியில் மிஞ்சுகிற மண்டிதான் கப்பலுக்கு வரும். கன எண்ணெய் என்பார்கள். ஆறினால் பனம்பாணி மாதிரி இறுகி நிற்கும். குழாயில் ஓடவேண்டும் என்றாலே தாங்கியைச் சூடாக்க வேண்டும். பிறகு 98 பாகையில் சுழலியில் போட்டு மண்ணையும் தண்ணீரையும் பிரித்து, 130 பாகை அளவுக்குக் காய்ச்சித்தான் எஞ்சினுக்குள் பீச்சுவோம். அந்தச் சுழலி அறைக்குள் ஒரு மணி நேரம் நின்றால் மூன்று நாளைக்கு உடம்பில் மணம் போகாது. விடுமுறையில் வந்தால் வீட்டில் என் உடுப்பைத் தனியாகத்தான் தோய்ப்பார்கள்.

நம் கப்பலுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 தொன் வேண்டும். 33,000 லீற்றர் பவுசரில் நாலு பவுசர், ஒவ்வொரு நாளும். ஒரு தொன் எரிந்தால் மூன்று தொன்னுக்குச் சற்று மேல் காபனீரொட்சைட்டு வரும். ஆகவே நாளுக்கு 370 தொன்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அந்த எஞ்சின் மோசமான எஞ்சின் இல்லை. எண்ணெயின் சக்தியில் பாதியைச் சுழற்சியாக மாற்றித் தரும். உங்கள் மோட்டார் சைக்கிள் கிட்டவும் வராது.

அப்படியென்றால் உலகம் சூடாவதற்குக் கப்பல்தான் காரணமா?

மனிதர் வெளிவிடும் பசுங்குடில் வாயுவில் கப்பல்களின் பங்கு ஏறத்தாழ 3 வீதம். ஆனால் உலக வணிகத்தில், அளவின்படி, 80 வீதத்துக்கு மேல் கடல்வழியாகத்தான் போகிறது. ஒரு தொன் சாமானை ஒரு கிலோமீற்றர் நகர்த்த ஏ9 வீதி லொறி எரிப்பதைவிடக் கப்பல் பல மடங்கு குறைவாகவே எரிக்கும். கப்பலை நிறுத்துவது தீர்வில்லை. எதில் ஓடுகிறது என்பதுதான் பிரச்சினை.

பற்றரி போட்டால் என்ன? காரே ஓடுகிறதே?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நிதியில் கலப்பு மின் திட்டம் ஒன்று வருகிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். சூரியன், காற்றாடி, டீசல், பற்றரி எல்லாம் சேர்ந்தது. அதில் பற்றரி மட்டும் 2,400 கிலோவோட் மணி. மூன்று தீவுக்குக் கணக்குப் போட்ட அந்தப் பற்றரியை நம் கப்பலில் பூட்டினால் ஐந்து நிமிடம் ஓடாது. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

15 நாள் பயணத்துக்கு என்றால் ஏறத்தாழ 72,000 தொன் நிறையில் பற்றரி வேண்டும். அதே பயணத்துக்கு எண்ணெய் 1,800 தொன் காணும். மிச்ச இடத்தில் சரக்கு எங்கே ஏற்றுவது?

அதற்காகப் பற்றரி உதவாது என்றில்லை. நோர்வேயில் யாரா பிர்க்லாண்ட் என்ற சிறு கொள்கலன் கப்பல் 2022 முதல் பற்றரியிலேயே உரம் ஏற்றி ஓடுகிறது. 120 கொள்கலன்தான், தூரமும் குறைவு. சீனாவின் யாங்சி ஆற்றில் 700 கொள்கலன் ஏற்றும் பற்றரிக் கப்பல் ஓடுகிறது. தூரம் குறைவு, துறை பக்கத்தில், நேரம் தவறாத பயணம்: இந்த மூன்றும் இருந்தால் பற்றரிதான் முதல் தெரிவு.

மேலே சூரியத் தகடு போடலாமே, நடுக்கடலில் வெயிலுக்கு என்ன குறை?

வெயிலுக்குக் குறையில்லை, இடத்துக்குத்தான் குறை. 300 மீற்றர் நீளம், 40 மீற்றர் அகலம் முழுக்கத் தகடு பரப்பினாலும், இரவு பகல் சராசரியில் அரை மெகாவோட்கூடத் தேறாது. நமக்கு வேண்டியது 30. அதோடு தகட்டின் மேல் கொள்கலன் அடுக்க முடியாது. கப்பலின் விளக்கு, மின்விசிறிக்கு உதவும், அவ்வளவுதான்.

எரிவாயுக் கப்பல் வந்துவிட்டது என்கிறார்களே?

வந்துவிட்டது, நிறையவே ஓடுகிறது. இயற்கை வாயுவைச் சுழியத்துக்குக் கீழ் 162 பாகைக்குக் குளிர்த்தித் திரவமாக வைத்திருப்பார்கள். கந்தகம் இல்லை, கரி இல்லை, எஞ்சின் அறை சமையலறை மாதிரிச் சுத்தமாக இருக்கும். புகைபோக்கியில் காபனீரொட்சைட்டு 20 முதல் 25 வீதம் குறையும்.

ஆனால் எரியாத மெதேன் எஞ்சினிலிருந்து கொஞ்சம் நழுவி வெளியே போகும். இருபது வருடக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட 80 மடங்கு சூடாக்கும். சில எஞ்சின்களில் இந்த நழுவல் லாபத்தில் பாதியைத் தின்றுவிடும், சிலவற்றில் முழுவதையும். கண்ணுக்குத் தெரியாத புகை என்பதால் யாரும் திட்டுவதில்லை.

மெதனோல் என்பது சாராயமா?

குடிக்கிற சாராயம் இல்லை. கள்ளச்சாராயத்தில் கண்ணைப் பறித்து உயிரை எடுக்கிற அதே சாமான்தான். கப்பலுக்கு அது நல்ல பிள்ளை. சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருக்கும், குளிரூட்டவோ அழுத்தவோ தேவையில்லை, பழைய தாங்கியைக் கொஞ்சம் மாற்றிப் பாவிக்கலாம், கடலில் கொட்டினாலும் கரைந்து போகும். ஸ்ரெனா ஜெர்மானிக்கா என்ற பயணிகள் கப்பல் 2015இல் இதற்கு மாறியது. 2023இல் லோரா மேர்ஸ்க் என்ற கொள்கலன் கப்பல் தென்கொரியாவின் உல்சானிலிருந்து கோப்பன்ஹேகனுக்கு மெதனோலில் போய்ச் சேர்ந்தது. அதன்பின் பெரிய கப்பல்களும் வந்துவிட்டன.

குறை இரண்டு. எண்ணெயைப்போல இரண்டரை மடங்கு இடம் பிடிக்கும். மற்றது, பகல் வெளிச்சத்தில் மெதனோல் நெருப்பு கண்ணுக்கே தெரியாது. பயிற்சியில் ஒருமுறை ஒரு தட்டில் ஊற்றிப் பற்றவைத்துக் காட்டினார்கள். தட்டுக்குப் பின்னால் சுவர் ஆடுவதுதான் தெரிந்தது, நெருப்பைக் காணவில்லை. டீசல் நெருப்புக்குப் பழகின எனக்கு அது வேறு மாதிரிப் பயம்.

இன்னொன்று: இன்று சந்தையில் கிடைக்கும் மெதனோலில் அநேகமானது இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் செய்தது. அதை எரித்தால் முழுக் கணக்கில் பழைய எண்ணெயைவிட மோசம். கப்பலின் பக்கத்தில் பச்சை மை பூசியிருப்பதைப் பார்க்காதீர்கள், தாங்கிக்குள் இருப்பது எங்கே பிறந்தது என்று கேளுங்கள்.

அமோனியா? அது ஐஸ் ஆலையில் பாவிக்கிறது அல்லவா?

அதேதான். மீன்பிடித்துறை ஐஸ் ஆலையில் கசிந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, அந்த வாயு. அதில் காபனே இல்லை. ஒரு நைதரசனும் மூன்று ஐதரசனும்தான். ஆகவே எரித்தால் காபனீரொட்சைட்டு வராது. சுழியத்துக்குக் கீழ் 33 பாகையில் திரவமாகும், எரிவாயுவோடு பார்த்தால் அது பெரிய குளிரில்லை. உரத்துக்காகப் பல பத்து வருடமாகக் கப்பலில் ஏற்றி இறக்கிப் பழகின சாமான். காகிதத்தில் பார்த்தால் இதுதான் மாப்பிள்ளை.

வீட்டுக்கு வந்தால்தான் குணம் தெரியும். காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு கலந்தாலே உயிருக்கு ஆபத்து. எஞ்சின் அறையிலிருந்து வெளியே ஓட ஒன்றிரண்டு வழிதான் இருக்கும். இலேசில் பற்றாது, தொடக்கிவிடக் கொஞ்சம் டீசல் வேண்டும். சரியாக எரியாவிட்டால் நைதரசன் ஒட்சைட்டு ஒன்று வரும், அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு சூடாக்கும். எஞ்சின் செய்பவர்கள் இதற்கெல்லாம் வழி கண்டுவருகிறார்கள். ஜப்பானில் சாக்கிகாகே என்ற இழுவைப் படகு 2024 முதல் அமோனியாவில் வேலை செய்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய யோசனை வேறு. உலகம் முழுக்க வருடத்துக்குச் செய்கிற அமோனியா 18 கோடி தொன் அளவு, அதில் பெரும்பகுதி உரத்துக்குப் போகிறது. கப்பல்கள் எல்லாம் இதற்கு மாறினால் 60 கோடி தொன்னுக்கு மேல் வேண்டும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது நம் வெங்காயத் தோட்டங்கள் பட்ட பாடு மறக்கவில்லை. யூரியா செய்வதற்கும் கப்பல் ஓட்டுவதற்கும் ஒரே சாமானுக்குப் போட்டி வந்தால் யார் கூடக் காசு கொடுப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடலில் கொட்டினால் மீன் என்னாகும்?

மீனவர்கள் கேட்பது நியாயம். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்து, பிளாஸ்ரிக் மணிகள் கரை முழுக்க ஒதுங்கியதைப் பார்த்த நாடு இது. அமோனியா கொட்டினால் அந்த இடத்து மீன் உடனே சாகும். ஆனால் கரைந்து, சில நாளில் கலைந்துபோகும். கன எண்ணெய் வருடக்கணக்கில் கடலடிப் பாரிலும் வலையிலும் ஒட்டிக் கிடக்கும். எரிபொருள் எதுவானாலும் கொட்டினால் கேடுதான்.

ஐதரசனை நேரே எரிக்கலாமே?

நோர்வேயில் ஒரு பயணிகள் படகு திரவ ஐதரசனில் ஓடுகிறது. சுழியத்துக்குக் கீழ் 253 பாகை, எண்ணெயைப்போல நாலரை மடங்கு இடம், அதற்கு மேல் தாங்கியின் கனம். சமுத்திரம் தாண்டும் சரக்குக் கப்பலுக்கு நான் இதில் காசு போடமாட்டேன்.

மன்னாரில் இவ்வளவு காற்றாடி நிற்கிறதே, அந்த மின்சாரத்தில் நாமே கப்பல் எரிபொருள் செய்து விற்கலாமா?

இதை நகைப்பாகக் கேட்பவர்களும் உண்டு, உண்மையாகவே கேட்கும் மாணவர்களும் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மன்னார் தம்பபவனி 100 மெகாவோட் அளவு, 30 காற்றாடி. வருடத்துக்கு 35 கோடி அலகு என்று வைப்போம். ஒரு தொன் அமோனியாவுக்குப் பத்தாயிரம் அலகு வேண்டும், ஆகவே 35,000 தொன் அமோனியா. சக்தியில் அது 16,000 தொன் எண்ணெய்க்குச் சமம். நம் கப்பல் அதை நாலரை மாதத்தில் முடித்துவிடும்.

திரும்பவும் சொல்கிறேன்: மன்னார்க் காற்றாடி முப்பதும் வருடம் முழுக்கச் சுற்றினால் ஒரே ஒரு கப்பலுக்கு நாலரை மாதம். உலகில் பெரிய வணிகக் கப்பல்கள் பல பத்தாயிரம்.

ஏன் இப்படி? காற்று மின்சாரமாகிறது, மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஐதரசனாகிறது, ஐதரசன் அமோனியாவாகிறது, அமோனியா எஞ்சினில் எரிகிறது. கை மாறும் இடத்தில் எல்லாம் தரகர் நின்று கமிஷன் எடுக்கிறார். கடைசியில் சுக்கானடிக்கு வந்து சேர்வது தொடங்கியதில் நாலில் ஒரு பங்கு. மின்சாரத்தை விளக்குக்கும் நீர்ப்பம்பிக்கும் நேரே கொடுத்தால் அந்தத் தரகர்கள் இல்லை. முதலில் ஊர் இருட்டுக்கும் டீசல் மின்நிலையத்துக்கும் வழி பார்த்துவிட்டு மிச்சத்தைக் கப்பலுக்குக் கொடுப்போம் என்பது என் அபிப்பிராயம்.

அப்போ பாய் கட்டிப் போனால் தரகர் இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எழுபது தாண்டிய ஒரு தண்டையலின் மகன். சரியான இடத்தில் பிடித்தார். பாயில் பட்ட காற்று கப்பலைத் தள்ளும். நடுவில் யாரும் இல்லை.

நம் ஊருக்கு இது புதிதா? வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். இந்த ஊர் ஆட்களே ஓட்டிப்போய் 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையில் சேர்த்தார்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எப்போது எழும்பும், வாடை எப்போது திரும்பும் என்று பார்த்துத்தான் அந்தக் காலத்தில் சரக்கு ஏறியது.

இப்போது வருவது துணிப் பாய் இல்லை. ஒருவகை, விமானச் சிறகை நிமிர்த்தி வைத்தது மாதிரி. 2023இல் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பலில் 37.5 மீற்றர் உயரத்தில் இரண்டு சிறகு பூட்டினார்கள். முதல் ஆறு மாதத்தில் சராசரியாக நாளுக்கு 3 தொன் எண்ணெய் மிச்சம். அந்த அளவுக் கப்பல் நாளுக்கு இருபது, முப்பது தொன் எரிக்கும்; ஆகவே சின்ன மிச்சம் இல்லை.

மற்றது சுழல்பாய். நிமிர்ந்த உருளை ஒன்றை மோட்டாரால் சுற்றவிடுவார்கள். சுழன்று வரும் கிரிக்கெட் பந்து காற்றிலேயே ஒரு பக்கம் விலகிப் போகும் அல்லவா, அதே விசைதான். பக்கவாட்டில் அடிக்கும் காற்று உருளையை முன்னுக்கு இழுக்கும், உருளை கப்பலை இழுக்கும். அன்டன் பிளெற்னர் என்ற ஜெர்மானியர் 1920களிலேயே இதைச் செய்து, 1926இல் அத்திலாந்திக்கையும் அவர் கப்பல் கடந்தது. எண்ணெய் அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2018இல் மேர்ஸ்க் பெலிக்கன் என்ற எண்ணெய்க் கப்பலில் இரண்டு உருளை வைத்து ஒரு வருடம் அளந்தார்கள்: 8.2 வீதம் மிச்சம்.

எல்லாக் கப்பலுக்கும் பொருந்தாது. கொள்கலன் கப்பலில் மேல்தளம் நிரம்பியிருக்கும், பாரந்தூக்கியும் இடிக்கும். தானியம், நிலக்கரி, எண்ணெய் ஏற்றுபவற்றுக்குத்தான் வசதி. காற்று முகத்துக்கு நேரே வந்தால் வேலை செய்யாது. ஆனால் சோளக காலத்தில் ஏடனிலிருந்து கிழக்கே வரும் கப்பலுக்கு வலப்பக்கத்துப் பின்னாலிருந்து இரண்டு, மூன்று மாதம் நிற்காத காற்று. புது எரிபொருளைப் பற்றி எழுதும் பேப்பர்கள் இதை ஓரத்தில் ஒரு வரியில் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை.

வடை பொரித்த எண்ணெயில் கப்பல் ஓடும் என்பது உண்மையா?

உண்மை. பாவித்த சமையல் எண்ணெயை டீசல் மாதிரி மாற்றிக் கலக்கலாம், எஞ்சினை மாற்றத் தேவையில்லை. தண்ணீரை உறிஞ்சும், தாங்கியில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். கவனமாக இருந்தால் சமாளிக்கலாம். சிக்கல் அளவில்தான். உலகத்து வடைச் சட்டி எல்லாம் சேர்ந்தாலும் காணாது. அதோடு விமானக்காரரும் அதே எண்ணெயைத்தான் தேடுகிறார்கள்.

காசு செலவில்லாமல் ஏதும் செய்யலாமா?

மெதுவாகப் போகலாம். கப்பலின் வேகத்துக்கு வேண்டிய வலு வேகத்தின் மும்மடியாக ஏறும். 24 கடல்மைல் வேகத்தை 18 ஆக்கினால் பயணம் மூன்றில் ஒரு பங்கு நீளும், எரிபொருளோ அதே தூரத்துக்கு 40 வீதத்துக்கு மேல் குறையும். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லாரும் இதைத்தான் செய்தார்கள், பூமிக்காக இல்லை, பொக்கற்றுக்காக. எஞ்சின் அறையில் எங்களுக்கு அது தலைவலி. முழு வேகத்துக்குச் செய்த எஞ்சினைக் குறைத்து ஓட்டினால் கரி படியும். தோய்த்துத் தோய்த்துக் கை வெளிறிவிட்டது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?

இருக்கிறது, அரைகுறையாக. சர்வதேச கடல்சார் அமைப்பு 2020 ஜனவரியில் எண்ணெயில் கந்தகத்தை 3.5 வீதத்திலிருந்து அரை வீதத்துக்குக் குறைத்தது. உடனே பல கப்பல்கள் மலிவு எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்நீரில் கழுவி, அந்த அழுக்குத் தண்ணீரைக் கடலிலேயே விட்டன. சிங்கப்பூர் தன் துறையில் அதைத் தடுத்துவிட்டது. காபனுக்கு, 2050 அளவில் நிகரச் சுழியம் என்று 2023இல் இலக்கு வைத்தார்கள். அதற்கான கட்டண விதியை 2025 ஒக்ரோபரில் நிறைவேற்றப் போய், வாக்கெடுப்பில் ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ 2024 முதல் தன் துறைகளுக்கு வரும் பெரிய கப்பல்களிடம் காபனுக்குக் காசு வாங்குகிறது.

எரிபொருள் விலை கூடினால் பருப்பு விலை ஏறுமா?

நம் கப்பல் 15 நாளில் 1,800 தொன் எரிக்கிறது, கொள்கலன் ஒன்றுக்கு 180 கிலோ. கொள்கலனில் 10 தொன் சாமான் என்றால் ஒரு கிலோ மைசூர்ப் பருப்புக்கு 18 கிராம் எண்ணெய். தொன் 500 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் மூன்று ரூபாவுக்குள். எரிபொருள் மூன்று மடங்கு விலையானாலும் கிலோவுக்கு ஐந்து, ஆறு ரூபாதான் கூடும். கடையில் அதற்கு மேல் ஏறினால் அது கப்பலின் வேலை இல்லை.

நம் பக்கத்துக்கு எது சரிவரும்?

குறிகட்டுவான் நயினாதீவுப் படகுக்குப் பற்றரி. கால் மணி, இருபது நிமிட ஓட்டம், இரண்டு பக்கமும் இறங்குதுறை. நோர்வேயின் அம்பியர் என்ற பற்றரிப் படகு 2015 முதல் 5.7 கிலோமீற்றர் தூரத்தை 20 நிமிடத்தில் கடந்து, கார்களையும் ஏற்றிக்கொண்டு, கரையில் நிற்கும் பத்து நிமிடத்தில் மின்னேற்றி ஓடுகிறது. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமும் ஆடும் கடலும். அங்கே பற்றரியோடு டீசலும் சேர்ந்த கலப்பு எஞ்சின்தான் நம்பிக்கை. காங்கேசன்துறை நாகபட்டினப் பாதைக்கு இப்போதைக்கு டீசல்தான். முதலில் கரண்ட் நிற்காமல் இறங்குதுறைக்கு வரவேண்டும், அது வேறு கதை.

மகன் கப்பல் பொறியியல் படிக்கிறான், இந்த வேலை இருக்குமா?

இருக்கும், கூடவே இருக்கும். எரிவாயு, மெதனோல் போன்ற எரிபொருள்களில் ஓடும் கப்பலுக்கு 2017 முதல் தனி விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது, அதற்குத் தனிப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உயர்தரத்து இரசாயனவியலை விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். என் காலத்தில் ஸ்பனரும் மூக்கும் காணும். இனி மூக்கை நம்பினால் ஆபத்து.

பாய் கட்டிய புதுக் கப்பலைப் பருத்தித்துறையில் நின்று பார்க்கலாமா?

முடியாது. பாக்கு நீரிணை ஆழம் குறைவு, பெரிய கப்பல் உள்ளே வராது. கிழக்கு மேற்குப் பாதை தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே போகிறது. அந்தப் பக்கம் போனால் வெளிச்சவீட்டடியில் தொலைநோக்கியோடு காலையில் நில்லுங்கள், வரிசையாகப் போகும். முன்தளத்தில் உயரமான புகைபோக்கி மாதிரி ஒன்று நிற்கும், புகை வராது, உற்றுப் பார்த்தால் சுற்றும். அதுதான் சுழல்பாய்.